கன்று வளர்வது மரபணுவாலா, நம் கையாலா?



மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி பக்கம் நம் குழுக்களில் பலர் கறவை மாட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். மாடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். பாலை ஊற்றித் தவணையை அடைக்கலாம். கிடேரிக் கன்று பிறந்தால் அதை வளர்த்து, இன்னொரு கடன் வாங்காமலே இரண்டாவது மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்தலாம். நல்ல கணக்குதான். ஆனால் சில வீடுகளில் கன்று ஒன்றரை வயசாகியும் ஆறு மாசக் கன்று மாதிரி நிற்கிறது. பருவத்துக்கு வருவதில்லை. தவணை மட்டும் மாசாமாசம் சரியாக வந்துவிடுகிறது.

அப்போது ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். "ஊசிக்குப் பிறந்த கன்று அப்படித்தான்" என்பார் வீட்டுப் பெரியவர். "ஜாதி சரியில்லைம்மா, வித்துட்டு நல்ல ஜாதியா புடிச்சுக்கோ" என்பார் மாட்டுப் புரோக்கர். செல்போனில் வீடியோ பார்க்கிற பிள்ளைகள், "எல்லாம் ஜீன்ல இருக்கும்மா" என்கிறார்கள். இதில் எது நிஜம்? கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாட்டின் வளர்ச்சிக்கு உரிய மரபணுக்களை விஞ்ஞானிகள் எப்படித் தேடுகிறார்கள், இதுவரை என்ன தெரிந்திருக்கிறது, அதில் நம் கொட்டகைக்கு உபயோகமானது எது என்று இந்த இதழில் பார்ப்போம்.

மரபணு என்றால் என்ன?

ஒவ்வொரு உயிரின் உடம்பும் சின்னச் சின்னச் செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் மாதிரியான பொருள் சுருண்டு இருக்கிறது. உடம்பு எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நாம் சமையல் குறிப்பை நோட்டில் எழுதி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. எலும்பு நீள ஒன்று, சதை வைக்க ஒன்று, பாலில் கொழுப்பு சேர ஒன்று என்று பல குறிப்புகள்.

மாட்டுக்கு இந்த டி.என்.ஏ. 30 ஜோடி நோட்டுகளாகப் பிரிந்து இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய்ப்பசு கொடுத்தது, இன்னொன்று காளை கொடுத்தது. அதனால் கன்றுக்கு வருவதில் பாதி தாயுடையது, பாதி சினை ஊசியில் வந்த காளையுடையது. "நல்ல ஊசி போட்டேன், கன்று ஏன் இப்படி?" என்று கேட்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஊசி பாதிக்குத்தான் பொறுப்பு.

2009-ல் ஒரு பசுவின் டி.என்.ஏ. முழுவதையும் படித்து முடித்து வெளியிட்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஹெர்ஃபோர்டு இனப் பசு அது. 25 நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அந்த வேலையைச் செய்தார்கள். மாட்டுக்குச் சுமார் 22,000 மரபணுக்கள் என்று அதில் தெரிந்தது. இத்தனை குறிப்பில் வளர்ச்சிக்கு உரியது எது? அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

எப்படித் தேடுகிறார்கள்?

நம் கூட்டமைப்பையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நூறு குழுக்கள் இருக்கின்றன. சில குழுக்கள் கடனை ஒழுங்காகத் திருப்புகின்றன, சில குழுக்கள் திணறுகின்றன. காரணம் என்ன என்று தெரிய வேண்டும். நாம் என்ன செய்வோம்? எல்லாக் குழுக்களின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வாராவாரம் கூட்டம் போடுகிறார்களா, வருகை எப்படி, உள்கடன் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவோம். நன்றாக நடக்கும் குழுக்களில் எந்த வழக்கம் திரும்பத் திரும்பத் தென்படுகிறதோ, அங்கே காரணம் இருக்கலாம் என்று சந்தேகிப்போம்.

மரபணுத் தேடலும் இதே வேலைதான். ஆயிரக்கணக்கான மாடுகளிடமிருந்து இரத்தமோ முடியோ எடுக்கிறார்கள். அதிலிருந்து டி.என்.ஏ.-வைப் பிரித்து, ‘சிப்' என்ற சின்னக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சோதிக்கிறார்கள். டி.என்.ஏ.-வில் மாட்டுக்கு மாடு எழுத்து வித்தியாசப்படும் பல்லாயிரம் இடங்களை அந்தச் சிப் ஒரே நேரத்தில் படித்துவிடும். இன்னொரு பக்கம் அதே மாடுகளின் பிறப்பு எடை, ஒரு வருஷ எடை, உயரம் எல்லாம் நோட்டில் எழுதியிருக்கும். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். உயரமான மாடுகளில் ஓர் இடத்தில் ஒரே மாதிரி எழுத்து திரும்பத் திரும்ப வந்தால், வளர்ச்சிக்கு உரிய மரபணு அதன் அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பக்கத்தில் எடை எழுதிய நோட்டு இல்லை என்றால் அது ஒன்றும் சொல்லாது. மாட்டை அளந்து, தேதி போட்டு எழுதி வைத்த ஆள் இருந்த ஊரில்தான் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது.

என்னென்ன கண்டுபிடித்தார்கள்?

மூன்று கண்டுபிடிப்புகளை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, பெல்ஜியம் நாட்டின் ‘பெல்ஜியன் புளூ' மாடு. படத்தில் பார்த்தால் பயில்வான் மாதிரி சதை திரண்டு இருக்கும். சதை அளவு மீறாமல் அடக்கி வைக்க உடம்பில் மயோஸ்டாட்டின் என்ற மரபணு உண்டு. இந்த மாட்டில் அந்த மரபணுவில் 11 எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். மொத்த டி.என்.ஏ.-வில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் 11 எழுத்து இல்லாததால் பிரேக் போன வண்டி மாதிரி சதை வளர்கிறது. ஆனால் அதன் விலையைக் கேளுங்கள். கன்றின் உடம்பு பெரிதாக இருப்பதாலும் தாயின் பிறப்பு வழி குறுகலாக இருப்பதாலும், இந்த இனத்தில் பெரும்பாலான கன்றுகள் ஆபரேஷன் செய்துதான் பிறக்கின்றன. நம் ஊரில் நடு ராத்திரி மாடு கன்று போடத் திணறினால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது, நமக்கு நெருக்கமான செய்தி. நியூசிலாந்தில் பெரிய உடம்பு கொண்ட ஃபிரீசியன் மாட்டையும், சின்ன உடம்பு கொண்ட ஜெர்சி மாட்டையும் கலந்து வளர்த்த மந்தையில் ஆராய்ந்தார்கள். உயரத்தையும் எடையையும் பாதிக்கும் ஓர் இடம் 14-ஆம் ஜோடியில் கிடைத்தது. அங்கே உள்ள பிளாக்-1 என்ற மரபணுதான் முக்கியக் காரணம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். மனிதர்களின் உயரத்தோடும் இதே மரபணுவுக்குத் தொடர்பு உண்டு.

மூன்றாவது, 2018-ல் வந்த பெரிய ஆய்வு. பல நாடுகளைச் சேர்ந்த 58,265 மாடுகளின் உயரத்தையும் டி.என்.ஏ.-வையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உயரத்தைப் பாதிக்கும் இடங்கள் 163 கிடைத்தன. ஆனால் அந்த முக்கிய எழுத்து மாற்றங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும், மாட்டுக்கு மாடு உள்ள உயர வித்தியாசத்தில் அதிகபட்சம் 14 சதவீதம் அளவுக்குத்தான் அவற்றால் விளக்க முடிந்தது. மீதி மரபணுப் பங்கு, ஒவ்வொன்றும் துளித்துளியாக வேலை செய்யும் இன்னும் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

அதனால் ‘வளர்ச்சி மரபணு' என்று ஒற்றை மரபணு கிடையாது. நம் சேமிப்பு மாதிரி, பலர் போட்ட சிறு தொகை சேர்ந்துதான் மொத்தம் ஆகிறது. "இந்தக் காளைக்கு வளர்ச்சி ஜீன் இருக்கு" என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால், எந்தச் சோதனை, எந்த இடத்தில் செய்தது, ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள்.

நெல்லூர் மாடு பிரேசில் போன கதை

மீஞ்சூர் ஸ்டேஷனில் நின்றால் கூடூர், நெல்லூர் பக்கம் போகும் ரயில்களைத் தினமும் பார்க்கிறோம். அந்தத் தண்டவாளம் போகிற திசையில்தான் ஓங்கோல் மாட்டின் சொந்த ஊர். வெள்ளை நிறம், பெரிய திமில், வெயில் தாங்கும் உடம்பு. நெல்லூர் மாடு என்றும் சொல்வார்கள்.

இந்த மாடு 1800-களில் கப்பல் ஏறி பிரேசில் நாட்டுக்குப் போனது. 1960-களிலும் நல்ல காளைகளைத் தேடி வாங்கிக்கொண்டு போனார்கள். ஓங்கோல் பக்கத்தில் உள்ள கரவடி கிராமத்திலிருந்து போன காளைக்கு, அந்த ஊர்ப் பேரையே வைத்தார்கள். இன்றைக்கும் பிரேசிலில் மாடு வளர்ப்பவர்களுக்கு அந்தக் காளையின் பேர் தெரியும். அங்கே இந்த இனத்துக்குப் பேர் ‘நெல்லோரே'. பிரேசில் நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளில் பெரும்பகுதி இப்போது இந்த இனமும் இதன் கலப்பும்தான். 2023-ல் அங்கே நடந்த ஏலத்தில் ஒரு நெல்லோரே பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் 30 கோடி ரூபாய்க்கு மேல். அதன் எடை சுமார் 1,100 கிலோ.

நம் பக்கத்து ஊர் மாடு அங்கே போய் எப்படி இவ்வளவு பெரிதானது? மண் மாறியதால் மட்டும் இல்லை. இந்தக் கன்றுக்கு அப்பன் யார், ஆத்தா யார், பிறந்தபோது எவ்வளவு எடை, ஒரு வயசில் எவ்வளவு எடை என்று பல தலைமுறைகளாக எழுதி வைத்தார்கள். நன்றாக வளர்ந்த மாட்டிலிருந்தே அடுத்த தலைமுறையை எடுத்தார்கள். அந்த நோட்டுகள் இருந்ததால், பின்னாளில் சிப் வந்தபோது மரபணு தேடவும் அவர்களால் முடிந்தது. 2013-ல் பிரேசில் விஞ்ஞானிகள் நெல்லோரே கன்றுகளின் பிறப்பு எடையை ஆராய்ந்தார்கள். பிளாக்-1 இருக்கும் அதே 14-ஆம் ஜோடி இடம்தான் அங்கேயும் கிடைத்தது.

2017-ல் இன்னொரு ஆய்வு வெளியானது. பெரிய உடம்பு தரும் அந்த எழுத்து மாற்றம் முதலில் ஐரோப்பிய மாடுகளில் பரவியது என்றும், 1800, 1900-களில் நடந்த கலப்பின் மூலம் திமில் உள்ள மாடுகளுக்கும் வந்து சேர்ந்தது என்றும் அது சொல்கிறது.

பெரிய உடம்பு நமக்கு லாபமா?

அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிராமன் என்ற இனத்தை ஆராய்ந்தார்கள். இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. பிளாக்-1 பகுதியில் உயரமும் எடையும் கூட்டும் அதே எழுத்து, கிடேரி பருவத்துக்கு வரும் வயசைத் தள்ளிப்போடுகிறது என்று தெரிந்தது. ஒரு கையால் எடையைக் கொடுத்து மறு கையால் காலத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

இறைச்சிக்கு மாடு வளர்க்கும் நாட்டுக்கு எடைதான் காசு. நமக்குப் பாலும் கன்றும்தான் காசு. உடம்பு பெரிதானால் தினமும் அந்த உடம்பைத் தாங்கவே கூடுதல் தீனி வேண்டும். மீஞ்சூர் பக்கம் நிலைமை நமக்குத் தெரிந்ததே. அனல்மின் நிலையம், துறைமுகம், கம்பெனி, குடோன் என்று வந்த பிறகு மேய்ச்சலுக்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. வைக்கோலைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். நம் பகுதியில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறுவது 1969-லேயே தெரிய வந்த விஷயம். பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. வெயிலும் புழுக்கமும் அதிகம். இந்த இடத்தில் யானை மாதிரி மாடு வேண்டாம். நடுத்தர உடம்பு, காலத்தில் பருவம், வருஷத்துக்கு ஒரு கன்று என்று இருக்கும் மாடுதான் வேண்டும். சமவெளிப் பகுதிக்கு ஜெர்சிக் கலப்பினத்தைக் கால்நடைத் துறை சொல்வதும் இதனால்தான். பெரிய ஃபிரீசியன் மாட்டைவிட அது வெயிலைத் தாங்கும், தீனியும் குறைவு.

இன்னொரு எச்சரிக்கை. முதல் சினைக்குப் போகிற சின்ன ஜெர்சிக் கலப்புக் கிடேரிக்கு, கன்று பெரிதாகப் பிறக்கட்டும் என்று ஃபிரீசியன் ஊசி கேட்காதீர்கள். கன்று பெரிதாகி, பிரசவம் கஷ்டமாகலாம். தாய்க்கும் ஆபத்து, கன்றுக்கும் ஆபத்து.

மரபணு எவ்வளவு, தீனி எவ்வளவு?

ஒரே மாதிரி வயசில் உள்ள கன்றுகளை நிறுத்திப் பார்த்தால் எடையில் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஒரு ரூபாய் என்று வையுங்கள். பல ஆய்வுகளின்படி, அதில் 30 முதல் 40 காசு அளவுக்கு மரபணுவின் பங்கு. மீதி 60, 70 காசு தீனி, பால், தண்ணீர், குடற்புழு, நோய், கொட்டகை, கவனிப்பு. சினை பிடிக்கும் திறனை எடுத்தால் மரபணுப் பங்கு 10 காசுக்கும் குறைவு. கவனிப்புதான் முக்கால்வாசிக்கும் மேல்.

நல்ல விதையை வறண்ட நிலத்தில் போட்டால் என்ன ஆகும்? அதுதான் இதுவும். கன்று எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற எல்லையை மரபணு வைக்கிறது. அந்த எல்லை வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்பது பெரும்பாலும் நம் கையில். எலும்பும் தோலுமாக நிற்கும் கன்றைப் பார்த்து "ஜாதி சரியில்லை" என்று முடிவு கட்டி, அடிமாட்டு விலைக்கு விற்பதற்கு முன்னால், அது தன் எல்லை வரை வளர வாய்ப்பு கொடுத்தோமா என்று பார்க்க வேண்டும்.

தாமதத்தின் விலையையும் கணக்குப் போடுவோம். நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடேரிக்கு 15 முதல் 18 மாதத்தில் சினை ஊசி போடலாம். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். இரண்டு, இரண்டேகால் வயசில் கன்று போட்டுவிடும். வளர்ச்சி குன்றிய கிடேரி கன்று போட மூன்று வயசு தாண்டிவிடும். பத்து மாதம் தாமதம் என்று வையுங்கள். உதாரணத்துக்கு ஒரு நாள் தீனி 50 ரூபாய் என்றால், 300 நாளுக்கு 15,000 ரூபாய். அந்தப் பத்து மாதம் கறந்திருக்க வேண்டிய பால் தனி. இந்த நஷ்டம் எந்தப் பாஸ்புக்கிலும் தெரியாது, ஆனால் வீட்டில் தெரியும்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது?

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. 2021 ஆகஸ்டில் ‘இண்டிகாவ்' என்ற சிப்பை வெளியிட்டார்கள். கிர், காங்கிரேஜ், சாஹிவால், ஓங்கோல் போன்ற நம் நாட்டு மாடுகளுக்காக, ஐதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. அது டி.என்.ஏ.-வில் 11,496 இடங்களைப் படிக்கும். 2024 அக்டோபரில் பசுக்களுக்குக் ‘கவ்சிப்', எருமைகளுக்கு ‘மஹிஷ்சிப்' என்று பொதுவான சிப்புகளை மத்திய அரசு அறிமுகம் செய்தது. காளைக் கன்று சின்னதாக இருக்கும்போதே அதன் டி.என்.ஏ.-வைப் பார்த்து, பொலிகாளையாக வைக்கலாமா என்று முடிவு செய்ய இவை உதவும். முன்பு அந்தக் காளையின் மகள்கள் பிறந்து, வளர்ந்து, பால் கறக்கும் வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சிப் நம் வீட்டு மாட்டுக்கு இல்லை. உறைவிந்து எடுக்கும் காளைகளைத் தேர்ந்தெடுக்கத்தான். ஆனால் அதன் பலன் சினை ஊசி வழியாக நம் கொட்டகைக்கு வரும். சிப் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால், நம்மைப் போன்ற வீடுகளில் நிற்கும் மாடுகளின் கணக்கும் வேண்டும். பிரேசில் பண்ணையில் வளர்ந்த மாட்டின் கணக்கு, அத்திப்பட்டில் வைக்கோல் தின்று வளரும் மாட்டுக்கு முழுவதும் பொருந்தாது.

நம் மாட்டின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது அல்லவா? தடுப்பூசி, சினை ஊசி, கன்று பிறப்பு எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகின்றன. சிலர் "காது புண்ணாகும்" என்று வில்லை போட விடுவதில்லை. சிலர் ஊசி போட்ட தேதியைச் சொல்வதில்லை. அந்த எண் இல்லை என்றால் நம் மாடு எந்தக் கணக்கிலும் இல்லை. நம் மாவட்டத்து மாடுகளுக்கு எது ஏற்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாம் செய்ய வேண்டியது

முதலில் ஒரு டேப், ஒரு நோட்டு. தையல் வேலைக்கு வைத்திருக்கும் இஞ்சு டேப் போதும். கன்றைச் சமமான தரையில் நிறுத்துங்கள். முன்னங்காலுக்குப் பின்பக்கம் மார்பைச் சுற்றி அளக்கவும். அது மார்புச் சுற்றளவு. பிறகு தோள் முனையிலிருந்து வால் பக்கத்து இடுப்பெலும்பு முனை வரை அளக்கவும். அது நீளம். இரண்டும் இஞ்சில் இருக்கட்டும்.

மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். உதாரணம்: சுற்றளவு 48 இஞ்சு, நீளம் 42 இஞ்சு. 48 பெருக்கல் 48 என்றால் 2,304. அதை 42-ஆல் பெருக்கினால் 96,768. 660-ஆல் வகுத்தால் சுமார் 147 கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை. மாசாமாசம் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

கலப்பினக் கிடேரி பிறக்கும்போது 25 கிலோ என்று வைத்து, ஒரு நாளைக்கு 400 கிராம் ஏறினால் இப்படி வரும்:

• 3 மாதத்தில் சுமார் 61 கிலோ
• 6 மாதத்தில் சுமார் 97 கிலோ
• 1 வருஷத்தில் சுமார் 171 கிலோ
• 18 மாதத்தில் சுமார் 241 கிலோ

சினை ஊசிக்கு வயசை மட்டும் பார்க்கக் கூடாது. ஜெர்சிக் கலப்புக் கிடேரி 220 முதல் 250 கிலோ வந்திருக்க வேண்டும். எடை இல்லாத கிடேரிக்கு ஊசி போட்டால் அதன் வளர்ச்சியும் கெடும், கன்றும் நோஞ்சானாகும்.

நோட்டில் எழுத வேண்டியவை: காது வில்லை எண், பிறந்த தேதி, தாயின் எண், ஊசி போட்ட தேதி, உறைவிந்துக் குச்சியில் அச்சடித்திருக்கும் காளை எண், மாசாமாச அளவு. காளை எண் ஏன் என்று கேட்பீர்கள். அந்த எண் தெரியாமல் போனால், நாளைக்கு அதே காளையின் ஊசியை அதன் மகளுக்கே போட வாய்ப்பு உண்டு. நெருங்கிய இரத்தத்தில் பிறக்கும் கன்றுக்கு வளர்ச்சி குறையும், நோய் எதிர்க்கும் சக்தியும் குறையும். ஊசி போட்டதும் குச்சியைக் கேட்டு வாங்கி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது கன்றுப் பராமரிப்பு.

• சீம்பால்: பிறந்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஒரு நாளைக்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு தடவையாக. "நஞ்சுக்கொடி விழட்டும்" என்று காத்திருக்க வேண்டாம்.
• பால்: ஆசை தீரக் கறந்துவிட்டு வெறும் மடியைக் கன்றுக்கு விடுவதுதான் வளர்ச்சி குன்ற முதல் காரணம். மூன்று மாதம் வரை பால் வேண்டும், போகப்போகக் குறைக்கலாம். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாக நக்கப் பழக்குங்கள்.
• குடற்புழு: பிறந்த 10, 15 நாளில் முதல் மருந்து. பிறகு ஆறு மாதம் வரை டாக்டர் சொல்கிறபடி மாதம் ஒருமுறை. வயிறு மட்டும் பானை மாதிரி, உடம்பு குச்சி மாதிரி இருந்தால் பூச்சி என்று சந்தேகப்படுங்கள்.
• தடுப்பூசி: கோமாரி தடுப்பூசியோடு, கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசியும் போட வேண்டும்.
• பசுந்தீவனம்: அரை சென்ட் இடம் இருந்தாலும் வீட்டுக் கழிவு நீர் போகும் பக்கம் கம்பு நேப்பியர் கரணை ஊன்றுங்கள். வேலியில் அகத்தி வையுங்கள். தாது உப்புக் கலவையை விட்டுவிடாதீர்கள்.
• தண்ணீர்: உப்புத் தண்ணீரைக் கன்று குறைவாகக் குடிக்கும், அதனால் தீனியும் குறைவாகத் தின்னும். குடிக்க மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள்.
• பிளாஸ்டிக்: ரோட்டோரம் அவிழ்த்து விட்டால் கவரைத் தின்னும். வயிற்றில் கவர் அடைத்த கன்றை எந்த மரபணுவும் காப்பாற்றாது.

உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

"கிடேரியா மட்டும் பிறக்குற ஊசின்னு சொல்றாங்களே, அது போட்டா கன்று நல்லா வளருமா?"

அது வேறு, இது வேறு. அந்த ஊசியில் 100-க்கு 90 அளவுக்குக் கிடேரிக் கன்று பிறக்க வாய்ப்பு. வளர்ச்சி என்பது காளையையும் தாயையும் நம் கவனிப்பையும் பொறுத்தது.

"மரபணு பார்த்த காளையோட ஊசின்னா ஏதாவது ஊசி மருந்து கலந்து மாட்டை மாத்திடுவாங்களா?"

இல்லைங்க. இது மாட்டின் மரபணுவை மாற்றும் வேலை இல்லை. இருக்கிறதைப் படித்துப் பார்த்து, எந்தக் காளை நல்லது என்று பொறுக்கி எடுப்பது மட்டும்தான்.

"ஒரே தாய்க்குப் பிறந்த ரெண்டு கன்றும் ஏன் வேற வேற மாதிரி வளருது?"

ஒரு வயிற்றில் பிறந்த நம் பிள்ளைகளும் அப்படித்தானே. தாய் தன்னிடம் உள்ளதில் பாதியைத்தான் கொடுக்கிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். முதல் கன்றுக்கு நிறைய பால் விட்டிருப்போம், இரண்டாவது கன்று பிறந்தபோது பணமுடை வந்திருக்கும்.

வரும் மாதக் கூட்டத்துக்கு

பதிவேடு எழுதுவது நமக்குப் புதுசு இல்லை. சேமிப்பு, உள்கடன், வட்டி, வருகை என்று ஒரு பைசா விடாமல் எழுதுகிற பெண்கள் நாம். கட்டுத்தறியில் நிற்கும் கன்றுக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லை? கறவை மாட்டுக் கடன் எடுத்த உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வரும் மாதக் கூட்டத்துக்குத் தங்கள் கன்றின் அளவை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு ஊக்குநரும் பிள்ளைகளும் உதவலாம். மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால் எந்தக் கன்று ஏறுகிறது, எது நிற்கிறது என்று நமக்கே தெரியும். நின்ற கன்றை உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒன்றரை வருஷம் கழித்துத் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதில்லை.

அந்த நோட்டு இருந்தால் சந்தையிலும் பேசலாம். "இந்தக் கிடேரிக்கு அப்பன் எண் இது, ஆறு மாசத்தில் இவ்வளவு, ஒரு வருஷத்தில் இவ்வளவு" என்று காட்டினால், புரோக்கர் வாய்க்கு வந்த விலையைச் சொல்ல முடியாது. இந்த வாரமே டேப்பை எடுங்கள். முதல் அளவைத் தேதி போட்டு எழுதுங்கள்.